பரிசில் நீட்டித்த வாயில்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சேரமான் குடக்கோச் சேரல் இரும்பொறையின் வாயிலில் ஒரு புலவர் நின்றார். பெருங்குன்றூர் கிழார் என்பது அவர் பெயர். பாடினார், மன்னன் மறுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. கைக்கு எட்டியது போலக் காட்டி மறுநாள் அதைப் பொய்யாக்கினான். அந்த நிலையில் பிறந்த இரு பாடல்கள் புறநானூற்றில் 210, 211 என்னும் எண்களில் நிற்கின்றன. மன்னன் பரிசில் நீட்டித்தபோது பாடியவை என்பது அவற்றின் அடியில் உள்ள பழங்குறிப்பு.

‘நீட்டித்தல்’ என்னும் அச்சொல்லே இன்றைய உரையின் பொருள். இல்லை என்பது ஒரு விடை. கொள்க என்பதும் ஒரு விடை. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் காலத்தை வாழ்ந்து பார்த்தவர்க்கே அதன் நீளம் தெரியும். முனைவர் பட்ட ஆய்வுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு முடிவு நோக்கியிருக்கும் மாணவர்கள் இன்று ஒவ்வொரு தமிழ்த் துறையிலும் இருக்கின்றனர். அவர்கள் நிற்கும் இடம் புதிய இடமன்று. தமிழ்ப் புலவர் மரபு அந்த வாயிலில் நெடுங்காலம் நின்றிருக்கிறது. நின்ற நிலைகளுக்கு இலக்கணமும் வகுத்து வைத்திருக்கிறது.

தொலைவிலிருந்து வந்த வருத்தம் தீர வாயில் காவலனிடம் தன் வரவைச் சொல்லி நிற்பதைத் தொல்காப்பியம் பாடாண் பகுதியில் ‘கடைநிலை’ என்கிறது. கொடை தாமதமாகும்போது கேட்டு நிற்பது ‘பரிசில் கடாநிலை’. பெற்றபின் விடைகொள்வது ‘பரிசில் விடை’. பெறாமல் திரும்புவதற்கெனத் தனித்துறை ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. பெறாது திரும்பியோர் பாடல்கள் சிலவும் கடாநிலைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. திரும்பி நடப்பவன்கூட இலக்கணத்தின் கண்ணுக்கு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறான் போலும்!

காத்திருப்பவர் மனநிலையை அறிய ஔவையாரை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய 101ஆம் பாடலில் அவர் அமைதியாக இருக்கிறார். பல நாள், பலரோடு, பல முறை சென்றாலும் முதல் நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பவன் அவன். பரிசில் காலம் தாழ்ந்தாலும் தாழாவிட்டாலும் யானை தன் கொம்பிடையே வைத்துக்கொண்ட கவளம் போல அது கையில் இருப்பதே. நெஞ்சே, வருந்தாதே என்கிறார். 206ஆம் பாடலிலோ அதே அதியமான், அதே ஔவையார். வாயில் காவலனை அழைத்து, உன் அரசன் தன்னை அறியானா, என்னையும் அறியானா என்று கேட்கிறார். அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வெறுமையாகிவிடவில்லை என்கிறார். யாழைக் கட்டுகிறார், பையையும் எடுத்துக்கொள்கிறார். மழுவோடு காட்டுக்குள் சென்ற தச்சன் மக்களுக்கு எங்கும் மரம் இருப்பது போலக் கற்றவர்க்கு எத்திசையிலும் சோறு உண்டு என்று சொல்லிப் புறப்படுகிறார்.

இவ்விரண்டில் எது முன்னர், எது பின்னர் என ஆராய்வோர் ஆராயட்டும். தொகையின் வரிசை எண் பாடிய காலத்தின் வரிசை அன்று. முடிவுக்குக் காத்திருந்த எவரும் அறிவர், இவ்விரு பாடல்களும் ஒரே நாளின் காலையும் மாலையுமாக வரக்கூடியவை என்பதை. காலையில் கவளம் கொம்பிடையே இருக்கிறது. மாலையில் பை தோளுக்கு ஏறிவிடுகிறது.

அடுத்து, கொடுப்பவன் பக்கம். மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கபிலர் கூறுவது (புறம் 121) இன்றைய தேர்வுக் குழுக்கள் ஒவ்வொன்றின் சுவரிலும் எழுதத்தக்கது. நாற்றிசையிலிருந்தும் பரிசில் வேண்டிப் பலர் வருவர். அள்ளிக் கொடுத்தல் எளிது, வந்தவர் தகுதியை அறிதலே கடினம். ஆகவே புலவர் எல்லாரையும் ஒன்றுபோல நோக்குவதை விட்டுவிடு என்கிறார். தகுதிப் போட்டி என்று இன்று சொல்லப்படுவதன் கருத்து அதுவே. கபிலருடைய சொல் ‘வரிசை’. வரிசை என்றால் இன்று நிற்கும் இடமாகிவிட்டது. அன்று அது மதிப்பு.

காரியின் ஊர் திருக்கோவலூர். அவ்வூருக்கே 1910ஆம் ஆண்டில், எழுத்தர் வேலை வேண்டி, குறிப்பேடுகளைச் சுமந்து ஓர் இளைஞர் சென்றார். சீனிவாச இராமானுசன் என்னும் அவர் கல்லூரித் தேர்வுகளில் கணிதம் தவிரப் பிற பாடங்களில் தவறியவர்; குடந்தைக் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையையும் அதனால் இழந்தவர். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். அவர் குறிப்பேடுகளைப் பார்த்தார். இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் இருத்தி அழிக்கக் கூடாதெனக் கருதி வேலை தர மறுத்து, சென்னைக்கு அனுப்பி வைத்தார். காரியின் ஊரில் கபிலர் கேட்ட வரிசை அறிதல் நடந்தது என்று மகிழலாம். ஆயினும் அது பசித்த ஒருவருக்கு வேலை மறுக்கப்பட்ட நாளும் ஆகும். தகுதியறிந்து மறுப்பதும் மறுப்பே.

பின்னர் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். இந்த இளைஞர் வேண்டியது எளிய சோறும் கனவு காண ஓய்வுமே என்று அவர் எழுதியிருக்கிறார். ஆய்வு உதவித்தொகை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த விதிநூலும் தந்ததில்லை. எனினும் ஒருவர் கைப்பொருளில் வாழ இராமானுசன் மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

1913 ஜனவரி 16ஆம் நாளிட்டு அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாரும் அறிந்தது. அதற்குமுன் அங்குள்ள வேறு அறிஞர்க்கு எழுதியவை பயன் தரவில்லை. ஹார்டி பிப்ரவரி 8இல் விடை எழுதினார். அதற்கு மறுமொழியாக இராமானுசன் பிப்ரவரி இறுதியில் எழுதிய கடிதத்தைத்தான் புறநானூறு கற்றவர் நின்று படிக்கவேண்டும். தாம் ஏற்கெனவே அரைப்பட்டினியாளர் என்றும், மூளையைக் காக்க உணவு வேண்டும், அதுவே முதற்கவலை என்றும், ஹார்டியிடமிருந்து பரிவான ஒரு கடிதம் வருமாயின் பல்கலைக்கழகத்திடமோ அரசிடமோ உதவித்தொகை பெற அது துணை செய்யும் என்றும் அதில் எழுதினார். பேரெண்களோடும் முடிவிலித் தொடர்களோடும் உறவாடிய கை எழுதிய கடாநிலை இது. நாணத்தை விட்டு எழுதவில்லை; நாணத்தோடே எழுதினார். பெருஞ்சித்திரனாரும் தம் வீட்டுப் பசியைக் குமணன் முன் விரித்துரைக்கும்போது அப்படியே செய்தார்.

பின்னர் நடந்தவை விரைந்தன என்பர் வரலாற்றாசிரியர். வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது குறிப்பேட்டைக் கண்டு பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். மார்ச் 19இல் கணிதப் பாடத்திட்டக் குழு கூடி, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுக்கு உதவித்தொகை தரலாம் என முடிவு செய்தது. ஏப்ரல் 7இல் ஆட்சிக்குழு கூடியபோது ஒரு முள் தைத்தது. முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே ஆய்வு உதவித்தொகை என்பது விதி. இராமானுசனிடம் எந்தப் பட்டமும் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர் பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைச் சுட்டி, ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் எனச் சட்டமே கூறுவதால் விதி அதற்குத் தடையாகாது என்று வாதிட்டார். விதியைப் படிப்போர் பலர். முகவுரையைப் படிப்போர் சிலர். அந்த ஒருவர் அன்று அவையில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே நடுக்கம் உண்டாகிறது. மே மாதத் தொடக்கத்தில் இராமானுசன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரானார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை.

கடிதம் எழுதியதிலிருந்து மூன்று மாதம். எண்ணிக்கையில் சிறியதே. ஆனால் அந்த மூன்று மாதமும் அவர் துறைமுகக் கணக்குகளை எழுதிக்கொண்டிருந்தார் என்பதை மறக்கலாகாது. காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று. வேறொருவர் கணக்கை எழுதிக்கொண்டே தன் கணக்கை மனத்தில் அணையாமல் வைத்திருத்தல்.

இன்றைய நிலைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கான தேசியத் தேர்வு 1984 முதல் நடந்துவருகிறது. மாதம் 37,000 ரூபாய் என 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட அத்தொகை, உழவர் வீட்டிலிருந்தும் தறிக்காரர் வீட்டிலிருந்தும் முதன்முதலாக முதுகலை முடித்து வரும் பெண்ணுக்கு நூல்களை மட்டும் தருவதன்று. திருமணத்தைச் சில ஆண்டு தள்ளிவைக்கும் உரிமையையும் தருவது. வயது வரம்பு முப்பது. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. எனவே நீட்டித்த ஒவ்வொரு மாதமும் அவள் வயதிலிருந்து கழிகிறது.

2024 ஜூன் 18இல் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்தேர்வை எழுதினர். தமிழைப் பாடமாகக் கொண்டோரும் அவர்களுள் அடங்குவர். மறுநாளே, தேர்வின் நேர்மையில் ஐயம் எழுந்ததெனக் கூறி அது நீக்கப்பட்டது. ஆகஸ்டு 21 முதல் செப்டம்பர் 4 வரை மறுதேர்வு. அக்டோபரில் முடிவு. ஜூனில் எழுதிய விடைத்தாள் எவர் கண்ணிலும் படாமல் போயிற்று. நன்றாக எழுதினோம் என்று அன்றிரவு உறங்கச் சென்றவர்க்கு அந்த உறக்கம் ஒன்றே பரிசில்.

இங்கே பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வருகிறார். அதியமான் தம்மை நேரில் காணாமலே பொருள் கொடுத்தனுப்பியபோது, பாட்டை விற்க வந்த வணிகன் யான் அல்லேன் என்று சினந்து அவர் ஏற்க மறுத்தார் (புறம் 208). கண்டு, தகுதியறிந்து, தினையளவே தந்தாலும் இனிது என்பது அவர் கொள்கை. இன்றைய தேர்விலோ காணாமல் கொடுப்பதே நடுவுநிலை. முகம் தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் சாதி தெரியும். ஆகவே விடைத்தாளுக்கு முகம் இருத்தலாகாது. அன்று இழிவாகத் தோன்றியது இன்று பலருக்கு அரண். பெருஞ்சித்திரனாரின் சினத்தை மேற்கோள் காட்டித் தேர்வுமுறையைப் பழிக்கும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்றைய வாயிலில் நிற்கும் இடமே எல்லார்க்கும் கிடைத்திருக்குமா?

ஆனால் ஒன்று குறைந்துவிட்டது. ஔவையார்க்கு அழைத்துப் பேச ஒரு வாயில் காவலன் இருந்தான். இன்று விண்ணப்ப எண்ணையும் பிறந்த நாளையும் தட்டச்சு செய்து திரைமுன் காத்திருக்கும் மாணவிக்கு, நீ என்னை அறியாயா என்று கேட்க எவரும் இல்லை. பெயர் பட்டியலில் இல்லையென்றால் ஏன் என்பதற்கு ஒரு மதிப்பெண்; அவ்வளவே.

ஆவூர் மூலங்கிழார் வேண்டியதும் மிகையானது அன்று. பாண்டியன் நன்மாறன் நீட்டித்தபோது பாடிய 196ஆம் பாடலில், தரக்கூடியதைத் தருவேன் என்பதும் தர இயலாததை இல்லை என்பதும் ஆகிய இரண்டுமே கொடையாளிக்குரிய பண்பு என்கிறார். இயலாததைத் தருவதாகச் சொல்வதும் இயல்வதை மறுப்பதுமே கேட்டு வந்தவரை வாட்டிக் கொடுப்பவர் புகழையும் குறைக்கும் என்கிறார். அவர் கேட்பது உரிய காலத்தில் ஒரு சொல். பிறகு மன்னனின் மக்கள் நோயின்றி வாழட்டும் என வாழ்த்தி, வெயிலையும் பனியையும் பொருட்படுத்தாமல் மனைவியை நினைந்து நடக்கிறார். அந்த வாழ்த்தைப் படிக்கும்போது நன்மாறன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

மனைவியை நினைந்து நடப்பது இப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. உரைகாரர் அதனைப் புலவரின் வறுமைக்குச் சான்றாகக் கொண்டு மேலே செல்வர். சற்று நின்றால், வாயிலில் நின்றவர் ஒருவர், காத்திருந்தவர் இருவர் என்பது புலப்படும். பெருங்குன்றூர் கிழாரின் மனைவி, தன்னைக் கூற்றம் கொண்டுபோகட்டும் என்று நொந்தபடி இருக்கிறாள். எலியும் மடிந்த பழஞ்சுவர் வீட்டில், பால் சுரக்காமையால் பலமுறை சுவைத்துப் பார்த்துப் பின்பு மார்பையே மறந்துவிட்ட குழந்தையோடு இருக்கிறாள். அரசனை அவள் பாடவில்லை. அவளுக்குக் கடாநிலை இல்லை. அந்தக் காத்திருப்புக்கு எந்தத் துறையும் வகுக்கப்படவில்லை.

பெருங்குன்றூர் கிழாரின் கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்தில் குடக்கோ இளஞ்சேரல் இரும்பொறையை அவர் பாடியிருக்கிறார். நீட்டித்த சேரமானும் இவனும் ஒருவனே எனக் கொள்வோர் உளர். அப்பத்துக்கு மன்னன் தந்தது முப்பத்தீராயிரம் காணம் என்கிறது பதிகம். அத்துடன், புலவர் அறியாமலே அவருக்கு ஊரும் மனையும் வளமுற அமைத்து, எண்ணற்ற அணிகலனும் பொருளும் வகுத்து வைத்தான் என்றும் கூறுகிறது. அவர் வாயிலில் வெதும்பி நின்ற நாட்களில் அங்கே அவருக்காகச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது என்று இவ்விரண்டையும் இணைத்துச் சொல்வது வழக்கம். கேட்க இனிய கதை. நீட்டிக்கும் அதிகாரிகளுக்கு மிகவும் இனிய கதை.

புலவர் அறியாமல் என்று பதிகம் சொல்கிறது. பழஞ்சுவர் வீட்டில் இருந்தவளுக்கு எந்த நாளில் யார் போய்ச் சொன்னார்கள் என்பதை அது சொல்லவில்லை.