படகில் நீர்வடி துளைகள்

(இலத்தூரில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



மலைச்சாரலும் குளமும் வயலும் சூழ்ந்த இவ்வூரில் படகைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நம் வாலிபர் சிலர் கூட்டாகப் பணஞ்சேர்த்து, தூத்துக்குடியில் பழைய கண்ணாடியிழைப் படகொன்றை வாங்க எண்ணிச் சங்க நிதியிலும் கடன் கேட்டிருக்கின்றனர். நான் படகு பழுதுபார்க்கும் தொழிலில் காலங்கழித்தவனாதலின், இதனைக் குறித்துச் சில சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள்.

நம் முன்னோர் கண்ட கட்டுமரத்திற்கு வடிகால் என்பதே வேண்டியதில்லை. அலை மேலேறினால் மரங்களின் இடைவெளி வழியே நீர் தானே இறங்கிவிடும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். உலர்த்தாவிடில் நீரூறிக் கனத்துப்போகும் என்பதை அவர்கள் நன்கறிவர். உள்ளே தளம் அமைத்து நாற்புறமும் அடைத்த படகுக்கோ, புகுந்த நீர் வெளியேற நாம்தான் வழி செய்யவேண்டும். 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் நம் கடற்கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் அவசரமாகக் கட்டி வழங்கப்பட்டன. அவற்றுட் பல தரங்குன்றியவை என்று விஷயமறிந்தோர் அப்போதே எடுத்துரைத்தனர்.

குற்றம் பெரும்பாலும் துளையின் அளவிலும் இடத்திலும் இருக்கும். இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமுமுள்ள தளத்தில் பத்து சென்டிமீட்டர் நீர் நின்றால் அதன் எடை 300 கிலோ. நாலைந்து ஆட்களின் பாரம். ஆட்களாவது இருந்த இடத்தில் இருப்பர். இந்நீரோ படகு சாய்ந்த பக்கமே ஓடி மேலுஞ் சாய்க்கும். ஓர் அங்குலத் துளை இரண்டு மாத்திரம் இருப்பின், வேறு தடை யாதுமில்லாதபோதும் இந்நீர் வடியச் சுமார் 12 நிமிஷம் ஆகும். அடுத்த அலை அதுவரை காத்திருக்குமா? துளைகளை இரண்டங்குலமாக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, மூன்று நிமிஷத்தில் வடிந்துவிடும்.

இனி இடம். மடையைக் குளத்தின் மேட்டுப்புறத்தில் வைப்பார் இல்லையன்றோ! ஆயினும் இயந்திரத்தின் பாரத்தால் பின்புறம் தாழ்ந்து நிற்கும் படகில், துளையை நடுவில் வைத்த விவேகிகளை நான் கண்டதுண்டு. பின்மூலை இரண்டிலும் ஒவ்வொன்று இருத்தல் வேண்டும். தளமும், பூரண பாரத்துடன் படகு மிதக்கும் நீர்மட்டத்திற்கு மேலிருத்தல் அவசியம். இன்றேல் நீரை வெளிவிடும் துளையே நீரை உள்ளேயும் விடும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குற்றங்கள். தெரியாத குற்றமே பணத்தை விழுங்குவது. தளத்தின் இரு கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே ஒட்டுப்பலகையோ நுரைப்பொருளோ வைத்திருப்பர். துளையிட்டவன் அதன் உள்விளிம்பைப் பசையால் அடைக்காது விட்டால், ஆண்டுக்கணக்கில் நீர் அவ்வழியே நடுப்பொருளில் ஊறும். பலகை மக்கும், படலம் பிரியும், மேலே பூசிய வர்ணமோ புத்தம் புதிதாய் மின்னும்! ரப்பர்ப்பசையை மேலே அப்பி விற்பாரும் உளர். அது ஈரத்தை உள்ளே சிறைவைப்பதேயன்றி வேறன்று.

செய்யவேண்டியது யாதெனின், மேற்படலத்தை அறுத்தெடுத்து, மக்கிய பாகத்தை உலர்ந்த பலகை காணுமட்டும் களைந்து, எஞ்சியதை நன்றாய் உலரவிடுதல். எத்தனை நாளாயினும் இதில் பொறுமை வேண்டும்; ஈரத்தின்மேல் எப்பாக்சிப் பசை சரிவரப் பற்றாது. பின்பு புதுப்பலகை பொருத்தி, மேலே கண்ணாடியிழை போர்த்தி, துளை வரும் இடத்தில் வேண்டியதைவிடப் பெரிய துளையிட்டு, அதனைக் கெட்டியான எப்பாக்சியால் நிரப்பவேண்டும். அது இறுகியபின் அதன் நடுவிலேயே வடிதுளை இடுதல் முறை. இங்ஙனஞ் செய்தால் நீர் பசையைத் தொடுமேயன்றிப் பலகையைத் தொடாது.

ஆகையால் வாலிபர்கள் முன்பணம் கொடுக்குமுன் ஒரு மரச்சுத்தியலோடு சென்று, துளைகளைச் சுற்றி ஒரு முழ தூரம் தட்டிப்பார்க்கட்டும். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே நீர் உண்டு. பின்பு இயந்திரத்தையும் ஆட்களையும் ஏற்றி, அமைதியான நீரில் துளை வழியே நீர் மேலேறுகிறதா என நோக்கட்டும். பத்து வாளி நீரைத் தளத்தில் ஊற்றிக் கடிகாரத்தையும் பார்க்கட்டும். விற்பவர் இச்சோதனைக்கு இசையாவிடில், நிதிக் கமிட்டியார் கடன் மனுவைத் தள்ளிவைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.