மறுபடியும் மண்ணா?

(கைவினைப் பீங்கான் கலை குறித்துப் புதுச்சேரியில் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு கைவினைச் சந்தையில் தேநீர்க் கோப்பை ஒன்று வாங்கினேன். 800 ரூபாய். ஆய்வு உதவித்தொகையில் வாழ்பவள் செய்யக்கூடிய செலவல்ல. ஆனால் கையில் எடுத்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. வனைந்தவரின் விரல் தடம் அதில் அப்படியே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, மறுபடியும் மண்ணா?" என்றார். அந்த 'மறுபடியும்' பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் பழைய இராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அங்கே சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி போடக் கூடாது, ஆண்கள் சட்டை போடக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறெதையும் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் 11 ஆயின. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளை கூடாது. சும்மாடுகூட வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியில் கூடாது. சும்மாடு வரைக்கும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், பாருங்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்தார். 

அப்பத்தாவிடம் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். கழுத்தில் அவர் பெயர் வெட்டியிருக்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அவர் தெருவுக்குத் தண்ணீர் எடுக்கப் போய் நான் பார்த்ததில்லை. பானையிலிருந்து பித்தளைக்கும், பிறகு எவர்சில்வருக்கும் எங்கள் வீடு வந்து சேர்ந்தது வெறும் வசதி சார்ந்த விஷயமில்லை. இன்று 'பிளாஸ்டிக்கை விடுங்கள், எவர்சில்வரை விடுங்கள், மண்ணுக்குத் திரும்புங்கள்' என்று சொல்லும் நண்பர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். திரும்புவதற்கு எல்லோரும் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை.

இந்த ஊரின் பீங்கான் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இந்தியாவின் பீங்கான் கலைஞர்கள் பலர் அங்கே பயின்றவர்கள். கிட்டத்தட்ட 1300 டிகிரியில் வேகும் கெட்டிப் பாண்டம் அது. நம் ஊர்ச் சூளைக்கு அந்தச் சூடு வராது. நுண்துளை உள்ள பானை என்பதால்தான் தண்ணீர் குளிர்கிறது. அந்தத் துளைகளை வைத்தே தீட்டுக்கும் ஒரு விதி செய்தார்கள்: உலோகத்தைத் துலக்கினால் தீட்டுப் போகும், மண் என்றால் உடைத்தெறிய வேண்டும்.

இந்தப் புதிய பட்டறைகள் நல்லதொன்றைச் செய்திருக்கின்றன. அதைச் சொல்லாமல் போவது நேர்மையில்லை. குயவர் குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் மண் மிதிப்பார்கள், பிசைவார்கள், வண்ணம் பூசுவார்கள். சக்கரத்தை மட்டும் தொடக் கூடாது. இங்கோ சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தொழிலுக்கும் பிறப்புக்கும் இருந்த முடிச்சு ஓரிடத்தில் அவிழ்ந்திருக்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களைப் பிரித்து வைப்பதும்கூட என்று அம்பேத்கர் சொன்னதை ஏற்பவர்கள் இதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் அவிழ்ந்தது ஒரு பக்கம்தான். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரலாம். வந்தால் கலைஞர், கோப்பையின் அடியில் முத்திரை இருக்கும். பரம்பரையாக வனைபவர் அதே மண்ணை வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தால், பானைக்காரர். அவரிடம் 50 ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு வந்துதான் நாம் இங்கே 800 கொடுக்கிறோம். நானும்தான்.

குயவரையும் நான் புனிதராக்கப் போவதில்லை. பட்டியலில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஊருக்கு முன்னால் கைகட்டி நின்ற அதே மனிதர், எங்கள் தெருவுக்கு வந்தால் பானையைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்பார் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். படிநிலைச் சமத்துவமின்மை என்றால் என்ன என்று எனக்கு முதலில் விளங்கியது அந்தக் கதையில்தான்.

ஏற்பாட்டாளர்களிடம் மூன்று கேள்விகள். பட்டறையில் மண் பிசைந்து, சூளைக்கு விறகு தள்ளும் உள்ளூர் ஆட்களின் பெயர் கண்காட்சி அட்டையில் ஏன் இல்லை? ஒரு வாரப் பயிற்சிக்கு நீங்கள் கேட்கும் கட்டணத்தில், சேரியிலிருந்தோ குயவர் தெருவிலிருந்தோ ஒரு பெண் வந்து சேர முடியுமா? அழைப்பிதழில் 'நம் மண்ணின் மரபு' என்று அச்சிட்டிருக்கிறீர்களே, அந்த 'நம்' என்பதில் என் அம்மா இருக்கிறாரா? நேரமிருக்கிறது, இப்போதே பேசலாம்.