ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் புதுமெருகு



கொழும்பிலிருந்து முறையான வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் நாள் தொடங்கிற்று. அதே ஆண்டிலேதான் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர், காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருளும் காகிதக் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கியின் அமைப்பை உலகுக்கு அறிவித்தனர். அந்தக் கூம்பைத் தாங்கிய மரப்பெட்டிகள் பின்னாளில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் வரை ஏறிவந்தன. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் இலங்கை வானொலியில் ஒலித்த காலத்தில், லயத்தில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் அது அந்த வரிசை முழுவதற்கும் உரியதாகவே இருந்தது.

அப்பெட்டிகளிற் சில இன்றும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் மேற்பலகை பிளந்து, மூலை உடைந்து, கரியேறிக் கிடக்கின்றன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தலைமன்னார் வழியே கப்பலேறியவர்களும் இங்கேயே தங்கியவர்களும் ஒருசேர அமர்ந்து கேட்ட பெட்டிகள் அவை. நாட்கூலியில் வாழ்ந்த குடும்பங்கள் விட்டுச் சென்ற பொருள்கள் மிகச் சில. கம்பளையை அடுத்த பழைய பீகாக் தோட்டத்திலே தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்திருப்பதும் அத்தகைய பொருள்கள் அழிந்துவிடலாகாது என்பதற்காகவே. ஆதலின், உங்கள் வீட்டிலோ தோட்டத்துக் கோயில் அறையிலோ அத்தகைய பெட்டியொன்று இருக்குமாயின், அதனை விறகடுப்புக்கு அனுப்புமுன் சில நிமிடங்கள் செவிசாய்க்குமாறு வேண்டுகிறேன்.

முதலிலே ஓர் எச்சரிக்கை. பழைய வால்வு வானொலிகள் பலவற்றில் உள்ளிருக்கும் உலோகச் சட்டம் மின்கம்பியோடு நேரே இணைந்திருக்கும். அடியிலுள்ள திருகாணியைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. மின்னிணைப்பை அறவே நீக்கி, அறிந்த ஒருவரைக் கொண்டு உட்பகுதியை வெளியே எடுத்த பின்னரே மரவேலையைத் தொடங்க வேண்டும்.

இனி, பெட்டியைக் கெடுப்பது எது? மழையும் அடுப்பும் என்று பலர் சொல்வர். மெய்தான், ஆனால் அவ்விரண்டையும்விட மிகுதியாகக் கெடுப்பது உப்புத்தாள். பார்வைக்கு முழுத் தேக்குப்போலத் தோன்றும் இப்பெட்டிகளில், அழகிய ரேகையுள்ள மரம் மேலே ஒட்டிய மெல்லிய தோல் மட்டுமே. வெனீர் எனப்படும் அந்த மேலொட்டு ஒரு மில்லிமீற்றர் கனமும் இராது. கீழே இருப்பது வெறும் ஒட்டுப்பலகை. ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் அரைமணி நேரம் தேய்த்தால் மேலொட்டு மறைந்து வெளிறிய பலகை தோன்றிவிடும். பிறகு கடும் பழுப்பு வண்ணத்தை அப்புவதைத் தவிர வேறு வழியில்லை. போன மேலொட்டைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தச்சராலும் இயலாது.

ஆகவே தேய்க்குமுன் துடையுங்கள். லயத்து வீட்டில் விறகுப் புகையோடு இருந்த பெட்டியின் கருமை பெரும்பாலும் மெருகின் மேற்படிந்த புகைக்கரியே. இளஞ்சூடான சோப்பு நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு சாண் அகலமாகத் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். பின்னர் கற்பூரத் தைலம் தோய்ந்த பஞ்சால் ஒருமுறை. முழுதும் பழுதென்று நினைத்த பெட்டி, இவ்வளவிலேயே தன் பழைய நிறத்தைக் காட்டிவிடுவதுண்டு. அப்படியாயின் தேன்மெழுகு தடவி விட்டுவிடுங்கள். மேலும் கை வைக்க வேண்டா.

மேலொட்டு குமிழியாக எழும்பியிருந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றொலி கேட்கும். பெட்டியினுள் ஒலி முழங்கும்போது இந்தக் குமிழிகளே சடசடவென அதிர்ந்து, ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்துவிட்டதோ என்று மயங்கச் செய்யும். புறத்தோற்றம் வேறு, ஒலி வேறு என்று எண்ணுதல் கூடாது. வச்சிரப் பசையால் ஒட்டிய பழைய பெட்டியாயின், ஈரத்துணியை மடித்துக் குமிழியின்மீது விரித்து, மிதமான சூடுள்ள இஸ்திரிப் பெட்டியால் சிறிதுநேரம் அழுத்தினால் பசை இளகி மீண்டும் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிடின், மர ரேகை செல்லும் வாக்கிலேயே சவரத் தகட்டினால் கீறி, மெல்லிய தகடொன்றால் பசையை உட்செலுத்தி, மெழுகுத்தாளும் சமமான பலகையும் வைத்து ஓரிரவு பாரமேற்றி வைக்கலாம். ரேகைக்குக் குறுக்கே கீறினால் அந்த வடு என்றும் மறையாது.

உடைந்த மூலைக்குச் சிறு மரத்துண்டு ஒட்டும்போது வெள்ளைத்துண்டு தனியே தெரியுமே என்று கவலைப்படுவர். அதற்கான சாயம் தோட்டத்திலேயே விளைகிறது. தேயிலைத் தூளைக் கடுமையாகக் கொதிக்கவைத்து வடிகட்டி, இருமுறை மும்முறை தடவி உலரவிட்டால் வெளிர்மரம் இளம்பழுப்பாகும். பழைய பெட்டிகளின் விளிம்பில் காணும் கருநிறம் வேண்டுமாயின், இரும்பு நாரைச் சில நாள் வினாகிரியில் ஊறவைத்து, அந்நீரைத் தேயிலைச் சாயத்தின் மேல் பூச வேண்டும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் கலந்தவுடன் மரம் கண்ணெதிரே கறுக்கும். மழைநீர் பட்ட ஆணியைச் சுற்றிக் கருவளையம் தோன்றுவதும் இதே காரணத்தாலேதான்: மரத்திலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்த விளைவு. அவ்வளையத்தை ஒட்சாலிக் அமிலக் கரைசல் நீக்கும். ஆனால் அது நஞ்சு. கையுறையின்றித் தொடலாகாது, குழந்தைகள் அணுகும் இடத்தில் வைக்கலாகாது.

மெருகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலைநாட்டில் பலர் தோற்றுப்போவது இந்த இடத்திலேதான். அவல்போல் தட்டையாக விற்கப்படும் அரக்கை, ஒரு லீற்றர் மெதிலேட்டட் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் வரை இட்டு ஓரிரவு ஊறவைத்து வடிகட்ட வேண்டும். பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து, அக்கரைசலில் தோய்த்து, நிறுத்தாமல் வட்டமாக ஓட்டிச் செல்ல வேண்டும். அடுப்பெரியும் அறையில் இவ்வேலை ஆகாது, ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். ஒருமுறை கனமாகப் பூசுவதிலும் பத்துமுறை மெல்லிதாகப் பூசுவதே நன்று. முன்பிருந்த மெருகு உறுதியாக இருந்தால் அதன்மீதே அரக்கு ஒட்டிக்கொள்ளும், சுரண்ட வேண்டியதில்லை.

ஆயினும் 6,000 அடிக்கும் மேற்பட்ட நுவரெலியாவில், பனிமூட்டம் சன்னலைத் தொடும் நாளில் இதைச் செய்தால், பூசிய மெருகு பால்போல் வெளுத்துவிடும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; குளிர்ந்த பரப்பிலே காற்றின் ஈரம் படிந்து அரக்கினுள் சிக்கிக்கொள்கிறது. ஸ்பிரிட் சிறிதே தோய்ந்த பொதியால், உலர்ந்த நாளில் மெல்ல ஒற்றியெடுத்தால் வெண்மை நீங்கும். வராமற் காப்பதே மேல். ஹட்டன், திம்புளைப் பகுதிகளில் தை முதல் பங்குனி வரை வறண்ட குளிர்காற்று வீசும்; தரமான தேயிலை கிடைப்பது அப்போதுதான், மெருகு பிடிப்பதும் அப்போதுதான். பெட்டியை அதற்கு முன்பே உள்ளே கொண்டுவந்து, அடுப்புச் சுவரை ஒட்டாமல், இரண்டு மூன்று வாரம் தானே உலரவிடுங்கள். கொழுந்தைப் பக்குவமாக வாட்டிப் பழகிய நம்மவர்க்கு, விரைவுச் சூடு எதைக் கெடுக்கும் என்று நான் விளக்க வேண்டுவதில்லை.

1970ஆம் ஆண்டுகளுக்குப் பிற்பட்ட ஒலிபெருக்கிப் பெட்டிகள் வேறு இனம். மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகையின்மேல், மர ரேகை அச்சிட்ட பிளாத்திக்குத் தாள் ஒட்டியிருப்பார்கள். ஈரம் புகுந்து மூலை உப்பினால் அது திரும்பச் சுருங்காது. உப்பிய பகுதியில் வெள்ளைப் பசையை ஊறவிட்டு, இரு பலகைக்கிடையே இறுக்கி உலர்த்தி, மிஞ்சியதைச் சீவி, நிரப்புப் பசையிட்டு வண்ணம் பூசலாம். அவற்றிற்கு உப்புத்தாளும் வண்ணமும் பொருந்தும். அங்கே இழப்பதற்கு மேலொட்டு இல்லை. கோயில்களின் பழைய தகரக் குழல் ஒலிபெருக்கிகளில் மட்டும் வண்ணத்தை உலரத் தேய்க்காதீர்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். நீர்விட்டுத் தேய்த்து, அந்தக் கழிவைத் தோட்டத்து நீரோடையில் விடாமல் அகற்றுங்கள்.

இறுதியாக முகத்துணியும் பின்பலகையும். கிழிந்த முகத்துணிக்குப் பதிலாகத் தடித்த துணி இட்டால் ஒலி மங்கும். வாயருகே துணியைப் பிடித்து ஊதினால் மூச்சு தடையின்றிச் செல்ல வேண்டும், அதுவே அளவு. தேயிலை காகிதச் சாக்குகளில் செல்லத் தொடங்கியபின் வீடுகளில் எஞ்சிய பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகை, தொலைந்த பின்பலகைக்கு ஏற்றது. பழையதில் இருந்த அளவுக்கே துளைகள் இடுங்கள். வால்வுகளின் சூடு வெளியேற அவை வேண்டும். மேற்பலகையிலே எவரேனும் முன்பு ஆணியால் கீறிய பெயரோ லயத்து எண்ணோ இருந்தால், அதன்மேல் நிரப்புப் பசை இடாமல் மெருகை மட்டும் ஓட்டிவிடுங்கள்.