பொதுக் கழிப்பிடத்தில் ‘பொது’ எது?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பொதுவெளியும் சாதியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவெளி என்றதும் நாம் டீக்கடை, கோயில், குளம், கிணறு என்றுதான் ஆரம்பிப்போம். ஆரம்பிக்கணும்தான். 1923-ல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதாருக்குத் திறந்துவிடச் சொன்னது. காகிதத்தில் இருந்த அந்த உரிமையைத்தான் 1927 மார்ச்சில் மகாடு குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்து பாபாசாகேப் நடைமுறையாக்கினார். நம்மை உள்ளே விட மறுத்த இடங்களின் வரலாறு அது. நம்மை வா வா என்று கூப்பிட்ட பொது இடமும் ஒன்று உண்டு. கக்கூஸ்.

சிரிக்கிறீங்க, சிரிங்க. டச்சுக்காரன் விட்டுப்போன சொல். இப்போது கழிவறை, கழிப்பறை, ஓய்வறை என்றெல்லாம் பெயர் வைக்கிறார்கள். பெயர் வெள்ளையாகிவிட்டது. விளக்குமாறு பிடிக்கிற கை மாறியிருக்கிறதா?

எங்க ஊர் நகராட்சி. பெரிய தெருக்களுக்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு ஆள் வாளியோடு நடக்கிற அகலம். ஒவ்வொரு வீட்டுப் பின்சுவரிலும் தரையை ஒட்டி ஒரு தகரக் கதவு. அதைத் தூக்கி, தகட்டால் இழுத்து வாளியில் போடுவாங்க எங்கம்மா. எடுப்புக் கக்கூஸ். வீட்டுக்காரங்க மேலே சாம்பல் தூவியிருந்தா அன்னைக்கு நல்ல நாள். அந்த வீடுகளின் முன்வாசல் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் யாருக்கோ வயித்துப்போக்கு, எந்த வீட்டில் சீக்காளி இருக்காங்கன்னு தெரியும். சேரி ஊருக்கு வெளியே இருக்குன்னு படிக்கிறோம். நகராட்சி அதைவிடக் கெட்டிக்காரத்தனம் பண்ணியது. சேரியிலிருந்து ஊருக்குள் வரத் தனி வழியே போட்டுக் கொடுத்தது!

பிறகு பஸ் ஸ்டாண்டில் பொதுக் கழிப்பிடம் வந்தது. வாளி போய் விளக்குமாறும் பினாயிலும் வந்தது. கழுவ வந்தது மட்டும் அதே அம்மா.

நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, வாத்தியார் ‘காலனிப் பசங்க எந்திரிங்கடா’ன்னார். ஆறு பேர் எழுந்தோம். பள்ளிக் கக்கூஸைக் கழுவினோம். ஏன் நாங்கன்னு வகுப்பில் யாரும் கேட்கலை, நாங்களும் கேட்கலை. வீட்டில் சொன்னேன். அம்மா அழுவாங்க, இல்லே பள்ளிக்கூடத்துக்குப் போய் சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன். அவங்க கேட்டது: ‘பினாயில் குடுத்தாங்களா, வெறும் தண்ணியா?’ நான் பதில் சொல்லலை. சாதி ஒரு மனுஷியின் மூளைக்குள் எவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருக்குன்னு புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

சட்டம் இல்லையா என்பீர்கள். 1993-ல் ஒன்று வந்தது, 1997-ல்தான் நடைமுறைக்கே வந்தது. 2013-ல் இன்னொன்று. அதில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது, படித்துப் பாருங்கள். அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்து மலத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னால், சட்டத்தின் கண்ணில் அவர் மலம் அள்ளுகிறவரே இல்லை. கையுறை மாட்டினால் சாதி ஒழிந்துவிடும் போலிருக்கிறது. 1993-க்குப் பிறகு சாக்கடைக் குழியில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. சாவின் விலை ஏறுகிறது. சாகிறவர்கள் தெரு மாறவில்லை.

தூய்மை இந்தியாவில் கோடிக்கணக்கில் கழிப்பறை கட்டினார்கள். அதில் இரட்டைக் குழி முறை ஒன்று உண்டு. ஒரு குழி நிறைந்தால் அடுத்ததுக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை மக்கவிடலாம். மக்கினால் அது உரம், நாற்றமில்லை, யார் வேண்டுமானாலும் வாரலாம். ஆனால் வாரவேண்டுமே! வட இந்தியக் கிராமங்களைப் பற்றி டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017-ல் எழுதிய நூல், மக்கள் வீட்டுக் கழிப்பறையைத் தவிர்ப்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகிறது. குழியைக் காலி செய்வது ‘அவங்க’ வேலை. அதைத் தொடுவதைவிட வயலுக்குப் போவது மேல். சுகாதாரக்காரர்கள் இதை அறியாமை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். தெளிவாகத் தெரிந்துதான் செய்கிறார்கள்.

கட்டணக் கழிப்பிடத்துக்கு வாங்க. ஆண் காசு கொடுக்காமல் சுவரோரம் ஒதுங்கிவிடுவான். அதைத் தடுக்கச் சுவரில் சாமி படம் போட்ட டைல் ஒட்டுகிறார்கள். பெண்ணுக்குச் சுவர் கிடையாது. காசில்லாவிட்டால் அடக்கிக்கொள்கிறாள், அல்லது காலையிலிருந்து தண்ணி குடிக்காமல் பஸ் ஏறுகிறாள். வாசலில் மேசை போட்டுக் காசு வாங்குகிறவர் எந்தச் சாதியாகவும் இருக்கலாம். உள்ளே கழுவுகிறவரிடம் சாதி கேட்க வேண்டியதில்லை. அவர் சோத்துத் தூக்கை வைக்கிற இடம் பினாயில் டப்பா பக்கத்தில்.

உங்க விடுதிக்குக் கழிப்பறை கேட்டு எழுதிய மனுவைக் காட்டினீங்க. நூறு பேருக்கு நாலு கழிப்பறை, கதவில்லை, தண்ணியில்லை. நியாயமான மனு, நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் நம் பிள்ளைகளே எழுதின மனுவிலும் கழுவப்போகிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை பேர், என்ன சம்பளம், நிரந்தர வேலையா ஒப்பந்தமா, குழியை எந்த மெஷின் உறிஞ்சும், அந்த வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுப்பாயா? இதை எழுதாமல் கக்கூஸ் மட்டும் கேட்டால், நம் தெருவிலிருந்து இன்னொரு அம்மாவை அனுப்பச் சொல்லித்தான் கேட்கிறோம்.

காலையில் இந்த மண்டபத்துக் கழிப்பறையை ஒருத்தங்க கழுவிக்கிட்டிருந்தாங்க. கூட்டத்துக்கு வந்து உட்காருங்கன்னு கூப்பிட்டேன். ‘டீ இடைவேளை முடியட்டும் தம்பி, அப்பத்தான் எல்லாரும் போவாங்க’ன்னாங்க. இடைவேளை முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆகுது. பின் வரிசையில் அவங்களுக்காகப் போட்ட நாற்காலி அப்படியே கிடக்கு. கேள்விகள் இருந்தா கேளுங்க.