ஜீப் ஏன் உறுமுகிறது?



இன்றைய பேச்சு ஒரு பழைய டீசல் ஜீப்பைப் பற்றியது. ரங்கத் பஜாரில் ஆள் ஏற்றுகிற ஜீப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். கியரும் போடவில்லை. ஆனாலும் என்ஜின் உறுமிக்கொண்டே இருக்கிறது. வண்டி நிற்கும்போது என்ஜின் மெதுவாக ஓடுவதை ஐட்லிங் என்பார்கள். ஸ்லோ ஸ்பீடு என்றும் சொல்வார்கள். அந்த ஸ்லோ ஸ்பீடு இந்த ஜீப்பில் ஸ்லோவாக இல்லை.

சத்தம்தானே, போகட்டும் என்று விடலாமா? விட முடியாது. ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குச் சாலை வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர். (2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் பழைய பெயர் போகவில்லை.) வழியில் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பல ஆண்டுகளாக வண்டிகளைப் படகில் ஏற்றித்தான் கடலைக் கடக்கிறார்கள். சரிவில் இறங்கி, அங்குலம் அங்குலமாகப் படகுக்குள் போக வேண்டும். முன்னால் ஒரு பஸ் நிற்கும். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். அந்த நேரத்தில் கிளட்சை விட்டதும் வண்டி பாய்ந்தால் என்ன ஆகும்?

படகைத் தாண்டினால் ஜரவா மக்களின் காடு. அங்கே வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. முந்தக் கூடாது. நடுவில் நிறுத்தவும் கூடாது. கோளாறு வந்தால் இறங்கிப் பார்க்கிற இடம் அதுவல்ல. பார்ப்பதை ரங்கத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

நம் ஓட்டுநர் ஒரு பட்டறையில் கேட்டார்.

"பம்பு போச்சு அண்ணே. கழற்றி போர்ட் பிளேருக்கு அனுப்பணும்" என்றார்கள்.

பம்பைக் கழற்றினால் ஜீப் ஒரு வாரமாவது நிற்கும். அந்த வாரம் வருமானம் இல்லை. பம்பு வேலைக்குக் கூலி வேறு. அனுப்பும் முன் வேறு எதைப் பார்க்கலாம்?

முதலில் டீசல் என்ஜினின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்ரோல் என்ஜினில் காற்று வரும் வழியில் ஒரு மூடி உண்டு. அது திறந்தால் வேகம் கூடும். டீசல் என்ஜினில் பெரும்பாலும் அந்த மூடி இல்லை. காற்று தாராளமாகப் போகும். எவ்வளவு டீசல் உள்ளே தெளிக்கப்படுகிறதோ, அவ்வளவு வேகம். ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய என்ஜினிலிருந்து இன்றுவரை இதுதான் அடிப்படை. ஆகவே, தானாக வேகம் கூடினால் ஒரே ஒரு கேள்விதான். எரிவதற்கு எது அதிகமாகக் கிடைக்கிறது? பம்பிலிருந்து வரும் டீசலா, வேறு எதுவுமா?

டீசலை அளந்து கொடுப்பது பம்பு. இந்தியாவில் பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது மைக்கோ பம்பு. 1951-இல் தொடங்கிய கம்பெனி அது. 2008-இல் போஷ் என்று பெயர் மாறியது. பம்பின் பக்கத்தில் ஒரு சிறு லீவர் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கேபிள் இந்த லீவரை இழுக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொண்டுவரும். திரும்பி வந்த லீவர் ஒரு சிறு திருகின் முனையில் முட்டி நிற்கும். அதுதான் ஸ்லோ ஸ்பீடு திருகு.

ஜீப்பின் உதவியாளர், பாவம், நல்ல பையன். உறுமல் கேட்டதும் அந்தத் திருகைத்தான் முதலில் திருப்பினான். ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று. பிறகு எத்தனை என்று அவனுக்கே தெரியவில்லை. உறுமல் குறையவே இல்லை. ஏன் குறையவில்லை? லீவர் அந்தத் திருகைத் தொடவே இல்லை! நடுவிலேயே நின்றுவிட்டது. தொடாத திருகைத் திருப்பி என்ன பயன்?

இதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். என்ஜின் சூடாகப் பத்து நிமிடம் ஓடட்டும். குளிர்ந்த என்ஜின் கொஞ்சம் வேகமாக ஓடும்படி சில வண்டிகளில் ஏற்பாடு உண்டு. சூடான பிறகும் அந்த வேகம் இறங்காவிட்டால்தான் கோளாறு. கையால் இழுக்கும் ஆக்சிலரேட்டர் இருந்தால், அது முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். பெடலின் அடியில் மிதியடி சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகப் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு.

இப்போது பானட்டைத் திறந்து, ஓடும் ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, லீவரை விரலால் திருகை நோக்கித் தள்ளுங்கள். வேகம் இறங்கினால் பம்பின் மேல் பழி போட வேண்டாம். குற்றம் கேபிளில், அல்லது ஸ்பிரிங்கில். என்ஜினை நிறுத்திவிட்டு, கேபிளை லீவரிலிருந்து கழற்றி இழுத்துப் பாருங்கள். ரங்கத்தில் கடல் காற்று, ஆண்டில் பாதிக்கு மேல் மழை. கேபிளின் உறைக்குள் துரு ஏறும். உள்ளே கம்பி இழைகள் ஒன்றிரண்டு அறுந்து உறையில் குத்தி நிற்கும். இழுக்கும்போது வரும், திரும்பும்போது சிக்கும். நம் ஜீப்பில் இருந்தது இதுதான்.

விரலால் தள்ளியும் வேகம் இறங்கவில்லையா? லீவர் திருகில் முட்டியே நிற்கிறதா? அப்போதுதான் திருகைச் சந்தேகப்பட வேண்டும். பூட்டு நட்டு தளர்ந்திருக்கலாம், யாராவது திருப்பியிருக்கலாம். இன்னொரு திருகில் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருப்பார்கள். அது உச்ச வேகத்துக்கானது. அதைத் தொடவே வேண்டாம்.

சில பழைய வண்டிகளில் காற்று வரும் குழாயிலிருந்து பம்புக்கு ஒரு சிறு ரப்பர் குழாய் போகும். அப்படி இருந்தால் அதை நன்றாகப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் டீசலைக் கூட்டத் தள்ளும். காற்றின் உறிஞ்சல் டயாப்ரம் என்ற சவ்வைப் பிடித்து அதைப் பின்னுக்கு இழுக்கும். குழாய் வெடித்தாலோ சவ்வு கிழிந்தாலோ ஸ்பிரிங் ஜெயித்துவிடும், வேகம் ஏறும். சோதிப்பது எப்படி? என்ஜினை நிறுத்தி, ரப்பர் குழாயைப் பம்பிலிருந்து கழற்றுங்கள். நிறுத்தும் லீவரை முழுவதும் தள்ளிப் பிடித்து, பம்பின் துளையை விரலால் இறுக மூடி, லீவரை விடுங்கள். உள்ளே இருப்பது உடனே திரும்பினால் சவ்வில் ஓட்டை. ஓடும் என்ஜினில் இந்தக் குழாயைக் கழற்றாதீர்கள். ஒரே நொடியில் என்ஜின் எகிறும்.

வேகம் ஏறி ஏறி இறங்கினால் டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். இதெல்லாம் சரியாக இருந்தும் உறுமினால் பம்புக்குள்தான் கோளாறு. டீசலில் தண்ணீர் கலந்தால் பம்பின் உள்பாகம் துருப்பிடித்துச் சிக்கும். அதைப் பம்பு சோதிக்கும் மேடை உள்ள பட்டறையில்தான் பார்க்க வேண்டும். அப்போது போர்ட் பிளேருக்கு அனுப்புவது நியாயம்.

இன்னொன்று இருக்கிறது. இது பயங்கரமானது. என்ஜின் தன் ஆயிலையே குடிப்பது. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால், அல்லது ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் கூடினால், காற்றோடு ஆயிலும் உள்ளே போய் எரியும். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் இப்படி ஆகும். டிப் ஸ்டிக்கில் ஆயில் தானாக உயர்ந்து, டீசல் வாடை அடித்தால் எச்சரிக்கை. டீசல் ஆயிலில் கசிகிறது என்று பொருள். நிறுத்தும் குமிழை இழுத்தும் என்ஜின் நிற்கவில்லை, புகை கக்குகிறது என்றால், பயணிகளை உடனே இறக்கித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். டாப் கியர் போட்டு, இரண்டு பிரேக்கையும் முழுப் பலத்தோடு பிடித்து, கிளட்சை விடுங்கள். என்ஜின் திணறி நிற்கும். முடியாவிட்டால் காற்று வாயைத் தட்டையான பலகையால் மூட வேண்டும். கையால் மூடக் கூடாது. துணியை உறிஞ்சிவிடும்.

நம் ஜீப்பில் அந்த ஆபத்து இல்லை. குமிழை இழுத்ததும் நின்றது. புதுக் கேபிள் போட்டார்கள். லீவர் முழுவதும் திரும்பியது. உடனே என்ஜின் அணைந்துவிட்டது! பையன் திருகைத் தளர்த்தி வைத்திருந்தான் அல்லவா? கால் சுற்று, கால் சுற்றாக மீண்டும் ஏற்றினார்கள். பழைய டீசல் ஜீப்புகளில் ஸ்லோ ஸ்பீடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 650 முதல் 800 சுற்று வரை. சரியான எண் வண்டியின் புத்தகத்தில் இருக்கும். ஒரு மெக்கானிக் சுற்று எண்ணும் கருவியைக் கொண்டுவந்து சரிபார்த்து, பூட்டு நட்டை இறுக்கினார்.

ஓட்டுநர் கணக்கும் போட்டார். உறுமலால் மணிக்குக் கால் லிட்டர் டீசல் வீண் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டு மணி நேரம் நின்று ஓடினால் அரை லிட்டர். மாதம் 26 நாளில் 13 லிட்டர். அந்தக் கணக்கின் கீழே, அதே நோட்டில், பையனை எழுதச் சொன்னார். அவன் தேதி போட்டு எழுதினான்: "கேபிள் புதுசு. திருகு ஏற்றியது ஒண்ணேமுக்கால் சுற்று."