மருத்துவர் மீது புகார்: விசாரணையும் தீர்ப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளி இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நெடுநாள் நோயுற்றவர் மவுத்தானால் அல்லாஹ்வின் நாட்டம் என்று பொறுமை கொள்கிறோம். ஆனால் தன் காலால் நடந்து மருத்துவமனைக்குள் சென்றவர் ஜனாஸாவாக வெளியே வந்தால், ‘டாக்டர் கொன்றுவிட்டார்’ என்னும் சொல் அந்த வீட்டிலிருந்து புறப்பட்டு, இஷாவுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடுகிறது. அச்சொல் உண்மையாகவும் இருக்கலாம். பெரும் அவதூறாகவும் இருக்கலாம். செய்தியைத் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் கட்டளை பெற்ற சமுதாயம் நாம். ஆயினும், இந்த விஷயத்தில் எங்கே விசாரிப்பது, யாரிடம் விசாரிப்பது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தெரியாததன் விளைவை நமது மாவட்டமே கண்டது. 2012 ஜனவரி மாதம் தூத்துக்குடியில் ஒரு பெண் மருத்துவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு கர்ப்பிணி இறந்து சில நாட்களே ஆகியிருந்தன. இறந்தவரின் கணவர் கைது செய்யப்பட்டார். தமிழகம் முழுவதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தக் கர்ப்பிணியின் சிகிச்சையில் தவறு நடந்ததா, இல்லையா? அரிவாள் எழுந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க எவரும் இல்லை. இவ்வகை வன்முறைக்கென்றே 2008இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றியுள்ளது. மருத்துவமனையைத் தாக்கினால் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை. கண்ணாடியை உடைக்கும் இளைஞர்கள் இதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் நன்றாக அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சகோதரர்களே, நம் முன்னோர் இதற்கு முறை வகுத்திருந்தார்கள். மருத்துவம் அறிந்தவர் என அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கி.பி. 931இல் பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒரு நோயாளி இறந்தபோது, கலீஃபா முக்ததிர், வைத்தியம் செய்வோர் அனைவரையும் தேர்வுக்கு உட்படுத்துமாறு தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு ஆணையிட்டார். தேர்வுக்கு வந்தோர் 800க்கும் மேற்பட்டோர் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

இதைவிட என்னை வியக்க வைத்தது 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ அவர்கள் முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளருக்காக எழுதிய கையேடு. வைத்தியர் ஒவ்வொரு முறையும் நோயின் நிலையையும் கொடுத்த மருந்தையும் எழுதி, சாட்சிகளுடன் அதன் பிரதியை நோயாளியின் குடும்பத்தாரிடம் தர வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் குடும்பத்தார் அந்தப் பிரதிகளைத் தலைமை மருத்துவரிடம் கொண்டு செல்வார்கள். முறை தவறவில்லை என்றால் அவ்வாறே தீர்ப்பு. அலட்சியம் என்றால், இரத்த ஈட்டுத்தொகையை வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பு. காகிதம், அதைப் படிக்கத் தெரிந்த ஒரு நடுவர், இவ்வளவே. இன்றைய சட்டமும் ஏறக்குறைய இந்த வழியில்தான் நடக்கிறது.

இன்று அந்தக் காகிதம் கேஸ் ஷீட். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

காகிதத்தின் வலிமைக்கு ஒரு தமிழக வழக்கே சான்று. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே ஒரு பெண்குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இவ்வாறு குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரை பழுதடையும் அபாயம் உண்டு. உரிய வாரத்தில் கண்களைப் பரிசோதித்தால் பெரும்பாலும் காக்கலாம். பரிசோதனை நடக்கவில்லை. பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையிழந்தது. தந்தை 1998இல் டெல்லியில் தேசிய நுகர்வோர் ஆணையத்தை நாடினார். எய்ம்ஸ் மருத்துவர் குழுவின் கருத்து பெறப்பட்டது. 2009இல் ஆணையம் 5 லட்சம் ரூபாய் அளித்தது. தந்தை விடவில்லை. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே ஆன செலவையும் எதிர்காலச் செலவையும் கணக்கிட்டு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் முக்கியச் சான்றாக நின்றது டிஸ்சார்ஜ் சம்மரி. கண் பரிசோதனை பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்த தந்தையை நினைத்துப் பாருங்கள்! நாம் மருந்துச்சீட்டைக் கருப்பட்டி மடிக்கப் பயன்படுத்திவிடுகிறோம்.

எங்கே செல்வது என்பதைப் பிரித்தறிய வேண்டும். இழப்பீடு வேண்டுவோர் நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்ல வேண்டும். மருத்துவ சேவையும் இச்சட்டத்திற்குள் அடங்கும் என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் இதில் சேராது. சிலரிடமாவது கட்டணம் பெறும் மருத்துவமனை என்றால், அங்கு இலவசமாகச் சிகிச்சை பெற்ற ஏழையும் நுகர்வோரே. மருத்துவமனை சென்னையில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் தூத்துக்குடி மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

மருத்துவரின் தகுதியையும் நடத்தையையும் விசாரிப்பது சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். அது ஒரு ரூபாயும் வாங்கித் தராது. எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைச் சில காலத்திற்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். புகார் மருத்துவருக்கு அனுப்பப்பட்டு, அவர் விளக்கம் பெறப்பட்டு, இரு தரப்பும் விசாரிக்கப்படும். 6 மாதத்தில் முடிவு காண வேண்டும் என்பது விதி. இங்கு ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்: 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், கவுன்சிலின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை மருத்துவருக்குத் தெளிவாகத் தருகிறது, புகார் செய்தவருக்கு அவ்வாறு தரவில்லை. தராசின் ஒரு தட்டு தாழ்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

போலி வைத்தியர் மீது கவுன்சில் நடவடிக்கை எடுக்க இயலாது, ஏனெனில் நீக்குவதற்கு அவர் பெயரே பதிவேட்டில் இல்லை. அவரைப் பற்றிக் காவல்துறைக்கும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் எழுத வேண்டும். ஹோமியோபதி பயின்ற ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், அறியாத முறையில் வைத்தியம் செய்ததே அலட்சியம் என 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மேற்சொன்ன ஹதீஸை அறிந்தவருக்கு இது புதிய செய்தியாக இராது.

காவல்துறைப் புகாரைப் பொறுத்தவரை, 2005இல் உச்ச நீதிமன்றம் வரம்பு விதித்தது. தவறிய கணிப்பெல்லாம் குற்றமாகாது. மிகப் பெரிய அலட்சியமே குற்றம். சுயேச்சையான மருத்துவர் ஒருவரின், இயன்றவரை அரசு மருத்துவரின், கருத்தைப் பெறாமல் போலீசார் வழக்கை முன்னெடுக்கலாகாது; வழக்கமான கைதும் கூடாது. மருத்துவர்களுக்குச் சலுகை என்று சிலர் குறை கூறுவர். கைது பயத்தில் நடுங்கும் கை அறுவை செய்தால் பாதிக்கப்படுவது நாமே என்பதால் நான் அதைக் குறை கூறமாட்டேன்.

இனி, நாம் பேசத் தயங்கும் விஷயம்: போஸ்ட்மார்ட்டம். மய்யித்தை விரைந்து அடக்கம் செய்வது சுன்னத்து. அதனால் ‘உடலை அறுக்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்து வாங்கிவந்து அடக்கிவிட்டு, மூன்றாம் நாள் புகாருடன் அலைகிறோம். இறப்பின் காரணம் கபருக்குள் போய்விட்டது. எந்த ஆணையம் எதை வைத்துத் தீர்ப்பளிக்கும்? குற்றம் நிகழ்ந்ததா என அறியும் தேவைக்காக உடற்கூறாய்வு கூடும் என மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் 1987இல் முடிவு செய்துள்ளது. தேவைக்கு மேல் அறுக்கலாகாது, மய்யித்தின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பவை நிபந்தனைகள். உண்மையான சந்தேகம் உள்ளவர்கள் அடக்கத்திற்கு முன்பே முடிவெடுங்கள். சந்தேகம் இல்லையேல் அடக்கிவிட்டு, நாவையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மய்யித்தை மருத்துவமனை வாசலில் வைத்துக்கொண்டு ‘இத்தனை லட்சம்’ என்று பேரம் பேசி முடிக்கும் வழக்கம் பல ஊர்களில் பரவியுள்ளது. மருத்துவர் தவறு செய்யவில்லையெனில் அது மிரட்டிப் பறித்த பணம். தவறு செய்திருந்தால், அதே கை நாளை இன்னொரு தாயின் மீது படும். தவறு நிரூபணமானபின் வாரிசுகள் ஈட்டுத்தொகை பெறுவது அவர்களின் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. விசாரணைக்கு முந்திய பேரத்தில் நமது ஜமாஅத்தின் பெயர் இடம்பெறக் கூடாது.

ஆவணங்கள் கேட்கும் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்துள்ளேன். பள்ளி அலுவலகத்தில் அஸருக்குப் பின் பெற்றுக்கொள்ளலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு மதரஸாவின் மூத்த மாணவர்கள் எழுதித் தருவார்கள்.

வஸ்ஸலாம்.