ஏறும் நீரும் இறங்கும் நீரும்



கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நீந்தி விளையாடுவதைக் கண்டு மகிழாதார் இலர். ஆயின், அத்தொட்டிக்கு நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே செல்கிறது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. பெரிய மீன்தொட்டிகளின் கீழே, பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு தொட்டி இருப்பதுண்டு. அதனைச் ‘சம்ப்’ என்பர். நாம் அடித்தொட்டி என்று வழங்குவோம். மேல்தொட்டியில் நிறைந்து வழியும் நீர் ஒரு குழாயின் வழியே அடித்தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டப்பெற்றுப் பம்பினால் மீண்டும் மேலேறும்.

இம்முறை புதியதன்று. 1871-ஆம் ஆண்டில் இலண்டன் கிரிஸ்டல் பாலஸ் மீன் காட்சியகத்தை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிடு என்பார், காட்சித் தொட்டிகளோடு இருண்ட பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை இணைத்து, நீராவிப் பொறியின் துணையால் கடல்நீரை இடைவிடாது சுழலச் செய்தார்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றிலும் இத்தகைய தொட்டி ஒன்றை அமைத்தோம். நீளம் 120 செ.மீ.; அகலம் 45 செ.மீ.; நீரின் ஆழம் 45 செ.மீ. நீர் நன்கு கலக்கவேண்டும் என்று கருதி, ஏறுகுழாயின் வாயை நீர்மட்டத்திற்கு 35 செ.மீ. கீழே இருக்குமாறு வைத்தோம். ஒரு மாலை மின்சாரம் நின்றது. இரவு முழுதும் வரவில்லை. மறுநாட் காலையில் அறைக்கதவைத் திறந்தால் தரையெங்கும் வெள்ளம்! மேல்தொட்டியில் எஞ்சியிருந்த 10 செ.மீ. நீரில் மீன்கள் தவித்துக்கொண்டிருந்தன. சில இறந்தும் கிடந்தன. “பம்புதான் நின்றுவிட்டதே, ஐயா! பிறகு நீர் எப்படிக் கீழே வந்தது?” என்று ஒரு மாணவன் வினவினான்.

விடை அவன் பாடநூலிலேயே இருந்தது. பம்பு நின்றதும், நீர் நிறைந்த ஏறுகுழாய் வடிகுழாயாக மாறிவிட்டது. மேலிருந்த நீர் அதன் வழியே பின்னோக்கிப் பாய்ந்தது. குழாயின் வாய் காற்றைத் தொடும்வரை அது நிற்கவில்லை. கணக்கைப் பாருங்கள். தொட்டியின் பரப்பு 5400 சதுர செ.மீ. ஆகவே, ஒவ்வொரு செ.மீ. உயரத்திலும் 5.4 லிட்டர் நீர் உள்ளது. 35 செ.மீ.க்கு 189 லிட்டர்! எங்கள் அடித்தொட்டியில் அதற்கேது இடம்? வடிகுழாயின் தத்துவத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்து விளக்கியவன் நான். அதனை என் தொட்டியில் காணத் தவறினேன்.

அன்று கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். முதலாவது, ஏறுகுழாயின் வாய் நீர்மட்டத்தை ஒட்டியே இருத்தல் வேண்டும். அது 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் நீரே திரும்பும். குழாய்களில் நிற்கும் நீரையும் சேர்த்து 40 லிட்டருக்கு இடம் விடுவோம். அடித்தொட்டியின் நீளம் 90 செ.மீ., அகலம் 40 செ.மீ. எனில், பம்பு ஓடும்போது அதில் 11 செ.மீ. உயரத்திற்குச் சற்று மிகுதியான வெற்றிடம் வேண்டும். வெளிப்புறத்தில் ஒரு கோடிட்டு, ‘இதற்குமேல் நீர் நிரப்பற்க’ என எழுதிவையுங்கள். குழாயில் நீர்மட்டத்தருகே சிறு துளையிட்டுக் காற்றுப் புக வழிசெய்வாரும் உளர். அது நன்றே, ஆனால் துளையைப் பாசி அடைக்கக்கூடும். ஒருவழி வால்விலும் அழுக்குச் சிக்கக்கூடும். அவற்றைத் துணையாகக் கொள்ளலாம். அவற்றையே நம்பியிருத்தல் கூடாது.

இரண்டாவது, பம்பின் வேகம். நீரை ஏற்ற ஒரு பம்பு, இறக்க ஒரு பம்பு என இரண்டு வைக்க எண்ணாதீர்கள். எவ்விரு பம்பும் முற்றும் ஒத்து ஓடா. நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வேறுபட்டாலும் ஒரு மணியில் 60 லிட்டர் தரைக்கு வந்துவிடும். நீரை ஏற்றுவதற்கே பம்பு. இறங்குவது தானே வழிந்து இறங்கட்டும். அப்போது எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவே இறங்கும்.

பெட்டியின்மேல் மணிக்கு 2000 லிட்டர் என எழுதியிருப்பினும், அது நீரை உயர்த்தாதபோது கிடைக்கும் அளவாகும். உயரமும், குழாயின் வளைவுகளும், குறுகிய வாயும் அதனைக் குறைத்துவிடும். தொட்டியின் விளிம்பு உயரத்தில் ஒரு வாளியைப் பிடித்து அளந்து பாருங்கள். 10 லிட்டர் வாளி 30 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1200 லிட்டர். நம் தொட்டி கொள்வது 243 லிட்டர். எனவே நீர் மணிக்கு ஏறத்தாழ ஐந்து முறை சுழலும். நன்னீர் மீன்களுக்கு அது போதும். மிகுந்தால், பம்பிலிருந்து மேலே செல்லும் குழாயில் வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். இறங்குகுழாய் ஏறுகுழாயினும் அகன்றதாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, இறங்குகுழாயை ஒரு நத்தையோ இலையோ அடைத்தால் என்னாகும்? பம்பு ஓயாது நீரை ஏற்றும். மேல்தொட்டி பொங்கி வழியும். ஆகவே, சற்று உயரத்தில் வால்வு இல்லாத இரண்டாம் இறங்குகுழாய் ஒன்றைக் காப்பாக வையுங்கள். அன்றியும், பம்பு நிற்கும் அறையை அடித்தொட்டியில் தடுப்பிட்டுச் சிறிதாக்குங்கள். அவ்வறையின் நீர் முழுதும் மேலேறினாலும் மேல்தொட்டியின் விளிம்புக்குள் அடங்கவேண்டும்.

நான்காவது, மின்சாரம். பம்பின் கம்பி செருகியை அடையுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் நீர் அவ்வளைவில் சொட்டிவிடும், செருகியை அடையாது. மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதது. மின்சாரத்தை நிறுத்தாமல் நீரில் கை வைக்கவே கூடாது.

மீன்களை விடுமுன் வெறும் நீரை நிரப்பி, பகற்பொழுதில் நீங்களே மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். பிறகு பம்பை ஓடவிட்டு, இறங்குகுழாயை அடைத்தும் பாருங்கள். இவ்விரு தேர்வுகளிலும் தரை நனையாதாயின், அன்றிரவு நீங்கள் அமைதியாக உறங்கலாம், மீன்களும் பிழைத்திருக்கும். ஒரு பொறி ஓடும்போது செய்வதை எவரும் காண்பர். அது நின்றால் என்ன நேரும் என்பதை முன்னரே எண்ணிப் பார்ப்பவரே அதனைப் பொறுப்பேற்கத் தக்கவர்.